வர்ஜீனியா, 1676: ஒரு குடியேறிகள் கலகத்தின் காரணங்கள்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிலைபெறச் செய்த முதல் குடியேற்றமான வர்ஜீனியாவின் சட்டமன்றம், 1682ஆம் ஆண்டு அடிமைகள் குறித்து ஒரு சட்டம் இயற்றிற்று. வெளியிலிருந்து கொண்டுவரப்படும் பணியாட்களுள் கறுப்பர், மூர்கள், கலப்பினத்தார், பூர்வகுடியினர் ஆகியோர் முதன்முதல் விலைக்கு வாங்கப்பட்ட வேளையில் கிறிஸ்தவ நாட்டையும் கிறிஸ்தவப் பெற்றோரையும் சேர்ந்தவராக இல்லையெனில் அவர்கள் அடிமைகளே என்றும், பின்னாளில் அவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினாலும் அந்நிலை மாறாது என்றும் அது விதித்தது. கூடவே ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. இங்கிலாந்து மன்னருடன் நட்புறவு பூண்ட துருக்கியரையும் மூர்களையும் இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பதே அது.

அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமர்ந்து சட்டம் எழுதியவர்களுக்குத் துருக்கியரின் நினைவு ஏன் வந்தது? விடை மத்தியதரைக் கடலில் இருக்கிறது. அந்நாளில் அல்ஜியர்ஸ், சலே முதலிய துறைமுகங்களில் ஆங்கிலேய மாலுமிகள் சிறைப்பட்டுக் கிடந்தனர். மொராக்கோக் கரையில் தஞ்சை நகரம் 1684 வரை ஆங்கிலேயர் வசமிருந்தது (நம் காவிரி நாட்டுத் தஞ்சையன்று, இப்னு பதூதா பிறந்த தன்ஜா). அல்ஜியர்ஸுடன் இங்கிலாந்து அதே 1682இல்தான் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. கடற்படையும் அரசும் உடைய முஸ்லிமைத் தொட்டால் பதிலடி கிடைக்கும். அவையற்ற முஸ்லிமைத் தொடலாம். சட்டத்தின் உட்கருத்து இவ்வளவே.

இந்தச் சட்டத்தின் பின்னணியை ஆராயப் புகுவோர் தவிர்க்க முடியாமல் ஆறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியவராகின்றனர். 1676ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் வர்ஜீனியாவின் தலைநகரான ஜேம்ஸ்டவுன் எரிக்கப்பட்டது. எரித்தவர்கள் அயல்நாட்டுப் படையினரோ பூர்வகுடிகளோ அல்லர், அந்நாட்டுக் குடியேறிகளே. நத்தானியேல் பேக்கன் என்ற 29 வயதினரின் தலைமையில் நடைபெற்ற இக்கிளர்ச்சி பேக்கன் கலகம் என்று வரலாற்றில் பெயர் பெற்றது. அமெரிக்க விடுதலைப் போருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு இது நிகழ்ந்தமையால், இதனை அவ்விடுதலைப் போரின் முன்னோட்டமாகக் கொண்டாடும் போக்கு நெடுங்காலம் நிலவியது. 1940இல் வெர்ட்டன்பேக்கர் என்ற வரலாற்றாசிரியர் பேக்கனைப் புரட்சியின் தீப்பந்தம் ஏந்தியவராகவே சித்திரித்து நூல் எழுதினார். 1957இல் வில்கம் வாஷ்பர்ன் அதற்கு நேரெதிராக, பூர்வகுடிகளின் நிலத்தின் மீது குடியேறிகள் கொண்ட பேராசையே கலகத்தின் வேர் என்றார். 1975இல் எட்மண்ட் மார்கன் இக்கலகத்தை அடிமைமுறையின் வரலாற்றோடு பிணைத்து வேறொரு விளக்கம் தந்தார். மூவரும் ஒரே ஆவணங்களையே பெரும்பாலும் படித்தனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

வர்ஜீனியாவின் வாழ்வு புகையிலையில் அடங்கியிருந்தது. 1607இல் ஜேம்ஸ்டவுன் நிறுவப்பட்டது. ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் மேற்கிந்தியத் தீவுகளின் இன்சுவைப் புகையிலையை அங்கே பயிரிட்டுப் பார்த்தார். அன்று தொடங்கி அந்நாட்டில் வரி, சம்பளம், அபராதம், பாதிரியாரின் ஊதியம் ஆகிய அனைத்தும் புகையிலைப் பவுண்டுக் கணக்கிலேயே கொடுக்கப்பட்டன. தொடக்கத்தில் நல்ல விலை இருந்தது. பயிரிடுவோர் பெருகப் பெருக விலை சரிந்து, 1660களில் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி அளவில், சில ஆண்டுகளில் அதற்கும் கீழாக, நின்றது. இதே காலத்தில் இங்கிலாந்து இயற்றிய கப்பல் போக்குவரத்துச் சட்டங்கள் நிலைமையைக் கடுமையாக்கின. 1660ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வர்ஜீனியாப் புகையிலை இங்கிலாந்துக்கோ அதன் உடைமைகளுக்கோ மட்டுமே அனுப்பப்படலாம். கூடுதல் விலை தரத் தயாராயிருந்த டச்சு வணிகர் விலக்கப்பட்டனர். இங்கிலாந்தில் இறங்கும் ஒவ்வொரு பவுண்டுப் புகையிலைக்கும் இரண்டு பென்ஸ் சுங்கம் விதிக்கப்பட்டது. அதாவது, உழுதவன் கைக்கு வந்ததைக் காட்டிலும் மன்னரின் கருவூலத்துக்குச் சென்றது மிகுதி. ஆளுநர் வில்லியம் பெர்க்லியே இதனைக் கண்டித்து இலண்டன் சென்று வாதாடினார். மாற்றுப்பயிர் என்று பட்டுவளர்ப்பு போன்றவற்றைத் தம் தோட்டத்தில் சோதித்தும் பார்த்தார். இரண்டும் பயனளிக்கவில்லை. இதற்கிடையே 1667இலும் 1673இலும் டச்சுப் போர்க்கப்பல்கள் ஆற்றுமுகத்தில் புகுந்து புகையிலைக் கப்பல்களைக் கொளுத்தின. 1667இல் ஒரு பெரும்புயலும் பயிரையும் வீடுகளையும் வாரிச் சென்றது.

இந்தப் பொருளாதாரத்தைத் தாங்கியவர்கள் ஒப்பந்தப் பணியாட்கள். கப்பற்கட்டணம் செலுத்த வழியற்ற ஆங்கிலேய ஏழை இளைஞர்கள், நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை ஊதியமின்றி உழைக்க எழுதிக் கொடுத்துவிட்டுக் கடல் கடந்தனர். அவர்களை வரவழைக்கும் தோட்டக்காரருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் அரசால் வழங்கப்பட்டது. ஆள் ஒருவரை இறக்கினால் உழைப்பும் கிடைக்கும், நிலமும் கிடைக்கும். இம்முறையால் ஆற்றங்கரையோர நன்னிலமெல்லாம் சில குடும்பங்களின் கைக்குள் சென்று சேர்ந்தது. ஆறே அங்குச் சாலை. கப்பல் வந்து நிற்கும் துறையற்ற நிலத்தில் புகையிலை பயிரிட்டுப் பயனில்லை.

முதற் சில பத்தாண்டுகளில் இவ்வநீதி வெளியே தெரியவில்லை. காரணம் கொடியது: ஒப்பந்தம் முடியும் முன்பே பணியாட்களுள் மிகப் பலர் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் மாண்டனர். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் சாவு விகிதம் குறைந்தது. ஒப்பந்தம் முடித்து உயிரோடு வெளிவந்த சுதந்திரர்களின் தொகை ஆண்டுதோறும் பெருகிற்று. அவர்களுக்கு நிலமில்லை, மணம் முடிக்கப் பெண்ணில்லை, ஏனெனில் கொண்டுவரப்பட்டவருள் பெரும்பாலோர் ஆண்கள். ஒன்று, பழைய எசமானரிடமே குத்தகைக்கு நிலம் கேட்க வேண்டும். அன்றேல், ஆறுகளின் மேற்பகுதிக்குச் சென்று பூர்வகுடிகளின் எல்லையோரத்தில் குடிசை போட வேண்டும். மனிதர் நெடுநாள் வாழத் தொடங்கியதே ஒரு குடியேற்றத்தின் அரசியல் நெருக்கடிக்குக் காரணமாயிற்று என்னும் மார்கனின் இக்கருத்து, எனக்குத் தெரிந்தவரை இக்கலகம் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் மிக ஆழமானது.

கலகத்தின் அறிகுறிகள் முன்னரே தோன்றின. 1663இல் குளோஸ்டர் மாவட்டத்துப் பணியாட்கள் சிலர் ஆயுதம் திரட்டி விடுதலை கோரத் திட்டமிட்டனர். பர்க்கன்ஹெட் என்ற பணியாள் அதனைக் காட்டிக் கொடுத்தார். அவருக்கு விடுதலையும் 5,000 பவுண்டுப் புகையிலையும் பரிசளித்த சட்டமன்றம், சதி நிறைவேற இருந்த செப்டம்பர் 13ஆம் நாளை ஆண்டுதோறும் புனித நாளாகக் கடைப்பிடிக்க ஆணையிட்டது. அச்சம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆட்சிமுறை இந்த அச்சத்தைத் தணிக்க எதுவும் செய்யவில்லை. தமக்கு இணக்கமான சட்டமன்றம் வாய்த்தது கண்ட பெர்க்லி, அதனைக் கலைத்துப் புதிய தேர்தல் நடத்தாமல் பதினான்கு ஆண்டுகள் நீட்டித்துக்கொண்டே சென்றார். 1670இல் நிலமோ வீடோ அற்ற சுதந்திரரின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. வரியோ நிலத்தின் மீது அன்று, தலைகளின் மீது விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கர் உடையவரும் அரை வயிற்றுக் குத்தகைக்காரரும் ஒரு தலைக்கு ஒரே அளவு புகையிலை கட்டினர். ஆளுநரின் ஆலோசனைக் குழுவினருக்கோ இவ்வரியிலிருந்து விலக்கு. நீதிபதி, வரி வசூலிப்பவர், படைத்தளபதி ஆகிய பதவிகள் ஒரே சிலரிடையே சுழன்றன. 1673இல் மன்னர் இரண்டாம் சார்லஸ், வர்ஜீனியா முழுவதிலும் தமக்குரிய நிலவரி முதலிய உரிமைகளை ஆர்லிங்டன் பிரபுவுக்கும் கல்பெப்பர் பிரபுவுக்கும் 31 ஆண்டுகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். அதனை மீட்க இலண்டனுக்குத் தூதுக்குழு அனுப்புவதென்று முடிவாயிற்று. அச்செலவும் தலைவரியாகவே ஏழையின் மீது விழுந்தது. டச்சுக்காரரைத் தடுக்கவென்று கட்டப்பட்ட கோட்டைகளுக்கும் அவ்வாறே. அக்கோட்டைகளால் போதிய பாதுகாப்பு கிடைக்கவில்லை.

ஆளுநர்மீது மற்றொரு குற்றச்சாட்டும் எழுந்தது. எல்லைப்புறத்துப் பூர்வகுடிகளுடன் நடந்த பீவர் தோல் வணிகத்தில் அவருக்கும் அவர் வேண்டியவர்களுக்கும் இலாபம் இருந்தது. அவ்விலாபத்துக்காகவே பூர்வகுடிகள்மீது படையெடுக்க மறுக்கிறார் என்று மக்கள் பேசினர். இது முழு உண்மையா என்பது வேறு. ஆள்பவன் வணிகனாகவும் இருந்தால் அவன் செய்யும் நியாயமான செயலும் ஐயத்துக்கு உள்ளாகும். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், அரசன் வணிகத்தில் இறங்குவது குடிகளுக்குக் கேடு, வரி வருவாய்க்கும் அழிவு என்று தனி அதிகாரமே எழுதியுள்ளார். அந்த மேதை மறைந்து 270 ஆண்டுகளுக்குப் பின், அவர் பெயரையே கேட்டறியாத ஒரு நாட்டில் அவ்வதிகாரத்துக்கு எழுதிய விரிவுரை போல நிகழ்ச்சிகள் நடந்தேறின.

இவையனைத்தும் விறகு. தீ எல்லையிலிருந்து வந்தது.

1675 கோடையில், பொட்டோமாக் ஆற்றங்கரைத் தோட்டக்காரரான தாமஸ் மேத்யூ என்பவர் டோயெக் என்னும் பூர்வகுடியினருக்குத் தரவேண்டிய கடனைத் தரவில்லை. அதற்கு ஈடாக அவர்கள் அவருடைய பன்றிகளைப் பிடித்துச் சென்றனர். துரத்திச் சென்றவர்கள் டோயெக்குகள் சிலரைக் கொன்றனர். பழிக்குப் பழியாக மேத்யூவின் பண்ணையாள் கொல்லப்பட்டார். உடனே வர்ஜீனியாவின் குடிப்படை ஆற்றைக் கடந்து மேரிலாந்துக்குள் புகுந்து டோயெக்குகளைத் தாக்கிற்று. அத்துடன் நில்லாது, பக்கத்துக் குடிலில் உறங்கிக் கொண்டிருந்த சஸ்குவஹானாக் இனத்தார் 14 பேரையும் ஆள் மாறாட்டத்தால் சுட்டுக் கொன்றது. இவ்வினத்தார் ஆங்கிலேயரின் நண்பர்கள். ஒரு பன்றிக்கடனில் தொடங்கியது, இரு குடியேற்றங்களின் போராக விரிந்தது.

செப்டம்பரில் நிகழ்ந்தது இன்னும் கொடுமை. வர்ஜீனியாவிலிருந்து ஜான் வாஷிங்டன் (பின்னாளில் அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுப்பாட்டனார்), ஐசக் அல்லர்ட்டன் ஆகியோரும், மேரிலாந்திலிருந்து தாமஸ் ட்ரூமன் என்பவரும் படை நடத்திச் சென்று சஸ்குவஹானாக்குகளின் கோட்டையை முற்றுகையிட்டனர். பேச்சுவார்த்தைக்கென்று கோட்டையிலிருந்து ஐந்து தலைவர்கள் வெளியே வந்தனர். ஐவரும் கொல்லப்பட்டனர். தூதனுக்கும் பேச வருபவனுக்கும் அமான் உண்டு என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் மட்டும் கூறும் விதியன்று. அக்கால ஐரோப்பியரும் ஏற்றிருந்த விதியே. பெர்க்லி இச்செய்தி கேட்டுச் சினங்கொண்டார். அவர்கள் என் பெற்றோரையே கொன்றவராயினும், சமாதானம் பேச வந்திருந்தால் சமாதானமாகவே திரும்பச் சென்றிருக்க வேண்டும் என்னும் பொருள்பட அவர் சட்டமன்றத்தில் கூறியதாகத் தெரிகிறது. பெர்க்லியிடம் குறைகள் பல. ஆயினும் அந்த அவையில் அவ்வாண்டு பேசப்பட்டவற்றுள் இதுவே நேர்மையான சொல். எல்லைப்புறக் குடியேறிகளின் காதில் இது துரோகமாக ஒலித்தது.

முற்றுகையிலிருந்து இரவில் தப்பிய சஸ்குவஹானாக்குகள் 1676 ஜனவரியில் எல்லைப்புறக் குடியிருப்புகளைத் தாக்கி 36 பேரைக் கொன்றனர். அதே சமயம் வடக்கே நியூ இங்கிலாந்தில் மெட்டகோம் என்ற பூர்வகுடித் தலைவர் நடத்திய பெரும்போர் பற்றிய செய்திகள் வந்தவண்ணமிருந்தன. கண்டம் முழுவதும் பூர்வகுடிகள் ஒன்று சேர்ந்து எழுந்துவிட்டனர் என்ற பீதி பரவிற்று. மார்ச்சில் கூடிய சட்டமன்றம், படையெடுப்பதற்கு மாறாக, ஆறுகளின் தலைப்பகுதிகளில் கோட்டைகள் கட்டி 500 பேரை நிறுத்தத் தீர்மானித்தது. கோட்டைகள் அசையாதவை, அவற்றைச் சுற்றிக்கொண்டு காட்டுவழியே வருபவரைத் தடுக்க மாட்டா. அவற்றுக்கான வரி மட்டும் தவறாமல் வரும். பூர்வகுடிகளுடனான வணிகமும் உரிமம் பெற்ற சிலருக்கே என்று வரையறுக்கப்பட்டது. மக்களின் ஐயங்கள் அனைத்தும் ஒரே சட்டத்தில் உறுதிப்பட்டன.

இந்நிலையில் மேடையேறிய பேக்கன் ஏழையல்லர். கேம்பிரிட்ஜில் பயின்றவர், சஃபோக் நிலக்கிழார் குடும்பத்தவர், மாமனாரின் விருப்பத்துக்கு மாறாக மணம் புரிந்தவர், 1674இல் தந்தையின் பணத்தோடு வர்ஜீனியா வந்து ஜேம்ஸ் ஆற்றங்கரையில் தோட்டம் வாங்கியவர். ஆளுநரின் மனைவிக்கு உறவினர். வந்த மறு ஆண்டே ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றவர். அவருடைய மேற்பார்வையாளரைப் பூர்வகுடியினர் கொன்றிருந்தனர். 1676 வசந்தத்தில் ஜோர்டன்ஸ் பாயிண்ட் என்னுமிடத்தில் திரண்டிருந்த தொண்டர்கள், குடிப்போதையின் ஆரவாரத்துக்கிடையே அவரைத் தலைவராக முழங்கினர். ஆளுநரின் அனுமதி அவருக்கு இல்லை. மே மாதம் பெர்க்லி அவரைக் கலகக்காரர் என அறிவித்தார். அதே நாளில், மக்களின் மனக்குறையைத் தணிக்க எண்ணிப் புதிய தேர்தலையும் அறிவித்தார்.

பேக்கனின் முதல் வெற்றி எத்தகையது என்பதை அவரைப் போற்றுவோர் விரிவாகச் சொல்வதில்லை. ரோனோக் ஆற்றுத் தீவொன்றில் வாழ்ந்த ஒக்கனீச்சி மக்கள், ஆங்கிலேயருக்கு வேண்டியவர்கள். அவர்களே பேக்கனுக்காகச் சஸ்குவஹானாக்குகளைத் தாக்கிக் கைதிகளையும் கொண்டுவந்து கொடுத்தனர். பின்னர் உணவு குறித்தும் கைப்பற்றிய பீவர் தோல்கள் குறித்தும் பிணக்கு மூண்டது. பேக்கனின் ஆட்கள் அந்த நண்பர்களையே பெண்டு பிள்ளைகளென்றும் பாராது கொன்று குவித்தனர். பகைவரைத் தேடிப் பிடிப்பது கடினம். நண்பர்களின் ஊர் எங்கிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பின்னர் பமங்கி மக்களுக்கும் இதுவே நேர்ந்தது. அவர்களின் அரசி காக்கக்கோயெஸ்கி. அவருடைய கணவர் டோட்டோபொட்டமாய் 1656இல் ஆங்கிலேயரின் பக்கம் நின்று போரிட்டு மாண்டவர். 1676 ஜூனில் சட்டமன்றக் குழுவினர் அரசியை அழைத்து மேலும் வீரர்களைக் கேட்டபோது, அவர் கணவரின் பெயரைச் சொல்லி அழுதார். அந்த இழப்புக்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை என்று கடிந்துரைத்தார். தம்மிடமிருந்த 150 வீரருள் 12 பேரைத் தருவதாக இறுதியில் கூறிச் சென்றார். அதன் பின்பும் பேக்கன் படை, சதுப்புநிலத்தில் மறைந்திருந்த அவருடைய மக்களைத் தேடிச் சென்று தாக்கிற்று.

ஜூன் மாத நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிய சட்டமன்றத்துக்குத் தேர்வான பேக்கன் கைது செய்யப்பட்டு, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு, விடுதலையாகி, 500 பேரளவுடன் திரும்பி வந்து ஜேம்ஸ்டவுனைச் சூழ்ந்தார். எழுபது வயதை எட்டிய பெர்க்லி வெளியே வந்து தம் மார்பைத் திறந்து காட்டிச் சுடச் சொன்னார். உறுப்பினர்கள் இருந்த சாளரங்களை நோக்கித் துப்பாக்கிகள் நீண்டன. பேக்கனுக்குத் தளபதிப் பதவி கிடைத்தது. அச்சட்டமன்றம் இயற்றிய சட்டங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். சுதந்திரர் அனைவருக்கும் வாக்குரிமை மீண்டும் வழங்கப்பட்டது. ஆலோசனைக் குழுவினரின் வரிவிலக்கு நீக்கப்பட்டது. அதே அவையின் போர்ச் சட்டம், போரில் பிடிபடும் பூர்வகுடியினர் ஆயுள் அடிமைகளாகக் கொள்ளப்படுவர் என்றது. உரிமைப் பட்டயமும் அடிமைப் பட்டயமும் ஒரே கூட்டத்தொடரில் பிறந்தன.

ஜூலை இறுதியில் பேக்கன் மக்களின் பெயரால் ஓர் அறிக்கை வெளியிட்டார். அநியாய வரிகள், வேண்டியவருக்குப் பதவிகள், பீவர் வணிக ஏகபோகம், பூர்வகுடிகளுக்குப் பாதுகாப்பு என்று அதில் ஆளுநர்மீதான குற்றங்கள் அடுக்கப்பட்டன. ஒப்பந்தப் பணியாட்களின் துயரம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அடிமைகள் பற்றி எதிர்பார்க்கவே வேண்டா. ஆளுநர் விரிகுடாவின் கிழக்குக் கரைக்கு ஓடினார். இருதரப்பும் ஆட்கள் வேண்டி, எதிர்த்தரப்பாரின் பணியாட்களுக்கும் அடிமைகளுக்கும் விடுதலை வாக்களித்தன. கொள்கையால் பிறந்த வாக்குறுதியன்று அது. ஆனால் கேட்டவர்கள் அதனை உண்மையென்று கொண்டு துப்பாக்கி ஏந்தினர். கலகம் அதன் தலைவர்கள் எண்ணியிராத திசையில் திரும்பிய இடம் இதுவே. பெர்க்லி 1671இல் இலண்டனுக்கு அளித்த மதிப்பீட்டில் வர்ஜீனியாவின் மக்கள்தொகை 40,000. அவர்களுள் 6,000 பேர் ஒப்பந்தப் பணியாட்கள், 2,000 பேர் கறுப்பின அடிமைகள். ஐவரில் ஒருவர் கட்டுண்டவர். ஏழு பேரில் ஆறு பேர் ஏழையாய், கடன்பட்டு, மனக்குறையோடு, ஆயுதமும் தாங்கியிருக்கும் நாட்டை ஆள்பவன் நிலை இரங்கத்தக்கது என்று கலக ஆண்டில் ஒரு கடிதத்தில் அவர் நொந்துகொண்டதும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.

பேக்கன் அக்டோபர் 26ஆம் நாள் போர்க்களத்திலன்று, வயிற்றுக்கடுப்பால் மாண்டார். தலைவனை இழந்த கலகம் சிதறத் தொடங்கிற்று. 1677 ஜனவரியில் தாமஸ் கிரந்தம் என்ற கப்பல் தலைவர், வெஸ்ட் பாயிண்டில் ஆயுதத்துடன் இருந்த ஆங்கிலேயரும் கறுப்பருமான ஏறத்தாழ 400 பேரிடம் பேசச் சென்றார். விடுதலை உறுதி என்று சொல்லிப் பலரைக் கலைத்தார். 80 கறுப்பரும் 20 ஆங்கிலேயரும் நம்பவில்லை. ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தனர். அவர்களையும் நயமொழி கூறிப் படகில் ஏற்றி, தம் கப்பலின் பீரங்கிகளுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே அவர்கள் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டனர். எசமானர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டனர். இதனைத் தம் திறமையாகவே கிரந்தம் பின்னாளில் எழுதி வைத்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியில் இறுதிவரை நின்றனர் என்பதற்கு நமக்குள்ள சான்று, அவர்களை ஏமாற்றியவரின் வாக்குமூலமே.

பெர்க்லி 23 பேரைத் தூக்கிலிட்டார். மன்னர் ஆயிரம் வீரரளவு படையோடு அனுப்பிய மூன்று ஆணையர்கள் வந்திறங்கி அவரைத் திருப்பி அனுப்பினர். 1677 ஜூலையில், மன்னரைக் காணும் முன்பே அவர் இங்கிலாந்தில் இறந்தார். ஆணையர்கள் செய்த பயனுள்ள செயல் ஒன்றுண்டு. மாவட்டம்தோறும் மக்களின் மனக்குறைகளை எழுதித் தரக் கேட்டனர். அவ்விண்ணப்பங்களில் தலைவரியும், கணக்குக் காட்டப்படாத செலவும், கோட்டைகளும், அதிகாரிகளின் கட்டணங்களும், பூர்வகுடி அச்சமும் மீண்டும் மீண்டும் வருகின்றன. கலகத்தின் காரணத்தைத் தலைவர்களின் அறிக்கைகளில் தேடுவோர் இவற்றையும் படிக்க வேண்டும். சுதந்திரம் என்ற பெருஞ்சொல்லை அவற்றில் காண்பது அரிது. இத்தனை பவுண்டுப் புகையிலை எங்கே போயிற்று என்ற கேள்வியே நிறைந்திருக்கிறது.

இனி, தொடக்கத்தில் கண்ட சட்டத்துக்கு வருவோம். ஏழை வெள்ளையரும் கறுப்பின அடிமைகளும் ஒன்றுசேர்ந்தால் என்னாகும் என்பதைக் கண்டுகொண்ட தோட்டக்காரர்கள், அவர்களைப் பிரிக்க இனவேற்றுமையைச் சட்டமாக்கினர் என்பது மார்கனின் முடிவு. 1680ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பர் ஆயுதம் ஏந்துவதையும், அனுமதிச்சீட்டின்றித் தோட்டம் விட்டு வெளியேறுவதையும் தடுத்தது. கிறிஸ்தவர் எவர்மீதும் கையோங்கும் கறுப்பருக்கு 30 கசையடி என்றது. 1691இல் வெள்ளையர் என்ற சொல் கலப்புமணத் தடைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1705ஆம் ஆண்டின் விரிவான சட்டம், ஒப்பந்தம் முடிக்கும் ஆங்கிலேயப் பணியாளனுக்குப் பத்து புஷல் சோளமும், 30 ஷில்லிங்கும், ஒரு துப்பாக்கியும் தரவேண்டுமென்றது. கறுப்பர், பூர்வகுடியினர், யூதர், மூர்கள், முஹம்மதியர் ஆகியோர் கிறிஸ்தவப் பணியாட்களை விலைக்குக் கொள்ளலாகாது என்றும் விதித்தது.

இவ்விளக்கம் கவர்ச்சியானது, எனினும் முழுமையாக ஏற்க இயலவில்லை. அடிமைத் தாயின் குழந்தை அடிமையே என்ற சட்டம் 1662இலும், ஞானஸ்நானம் அடிமைநிலையை மாற்றாது என்ற சட்டம் 1667இலும், அதாவது கலகத்துக்கு முன்பே, பிறந்துவிட்டன. செல்வமிக்க தோட்டக்காரர்கள் 1676க்கு முன்னரே அடிமைகளை வாங்கத் தொடங்கியிருந்தனர். அதன்பின் அம்முறை பெருகியதற்கு, இங்கிலாந்தில் ஒப்பந்தப் பணிக்கு வர இசையும் இளைஞர் குறைந்ததும், அரச ஆப்பிரிக்கக் கம்பெனியின் ஏகபோகம் 1698இல் உடைந்து அடிமை வணிகம் விரிந்ததும் பெருங்காரணங்கள். கலகம் அடிமைமுறையைப் படைக்கவில்லை. ஏழை வெள்ளையரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதன் பயனை ஆள்வோருக்குக் கற்பித்தது என்ற அளவில் மார்கன் கூறுவது நிற்கும்.

1667ஆம் ஆண்டுச் சட்டம் எழுப்பும் வினா நமக்கும் புதியதன்று. அடிமையாக இருப்பவர் இஸ்லாத்தை ஏற்றால் அதனாலேயே விடுதலை ஆவதில்லை என்பதே நம் சட்ட அறிஞர்களின் முடிவாகவும் இருந்தது. இதை மறைப்பது நேர்மையன்று. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. திம்புக்துவின் பேரறிஞர் அஹ்மத் பாபா (1556–1627), கறுப்பராய் இருப்பதே அடிமைத்தனத்துக்குக் காரணமாகுமா என்ற கேள்விக்கு 1615 வாக்கில் ஒரு நூலே விடையாக எழுதினார். நிறம் காரணமாகாது, முஸ்லிமாய்ச் சுதந்திரராய் இருந்தவரை, அவர் எந்நாட்டவராயினும் அடிமையாக்க முடியாது என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பை மீறி ஆள் பிடித்தவர் முஸ்லிம்களிலும் மிகப் பலர். ஆயினும் மீறலை மீறல் என்று சொல்லச் சட்டம் இடமளித்தது. வர்ஜீனியாவிலோ, சமயத்தை அளவுகோலாகக் கொண்டு தொடங்கிய சட்டம், ஞானஸ்நானம் பெற்ற கறுப்பர் அதன்படி விடுதலை கேட்கத் தொடங்கியதும், அளவுகோலையே மாற்றிக்கொண்டது.

நட்புறவு பூண்ட மூர் யார், பூணாதவர் யார் என்று சந்தையில் எவரும் விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. செனகாம்பியாவின் புந்து நாட்டைச் சேர்ந்த மார்க்க அறிஞர் குடும்பத்து அய்யூப் இப்னு சுலைமான் 1730இல் பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு மேரிலாந்தில் விற்கப்பட்டார். கென்ட் தீவின் புகையிலைத் தோட்டத்திலும் பின்னர் மாட்டு மேய்ச்சலிலும் வேலை செய்தார். மேய்ச்சலை விட்டுக் காட்டுக்குள் சென்று தொழுதவரை ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் முகத்தில் மண்ணள்ளி எறிந்து கேலி செய்தான் என்று அவர் வரலாறு கூறுகிறது. தந்தைக்கு அரபியில் அவர் எழுதிய கடிதம் இலண்டனில் உரியவர் கைக்குச் சென்று, அவரது மீட்சிக்கு வழி பிறந்தது. 1733இல் இங்கிலாந்தில் இருந்தபோது மனனத்திலிருந்தே திருக்குர்ஆனின் மூன்று படிகளை எழுதி முடித்தார். 1734இல் தாயகம் திரும்பினார். அவரோடு பிடிபட்டு அதே கப்பலில் விற்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் லாமின் அதன்பின்பும் மேரிலாந்தில் அடிமையாகவே இருந்தார். 1738இல்தான் அவரும் ஊர் சேர முடிந்தது.